இரண்டு கரைக்கும் ஒத்துவரும் சட்டம்: அகதிகள் பாதுகாப்பு பற்றி ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், தங்கச்சிமடம், ராமேசுவரம் பக்கத்தில் இலங்கைத் தமிழர் அகதி முகாம்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் வேலையைப் பல வருஷமாகச் செய்து வருகிறேன். மனு எழுதி முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போய்விட மாட்டார்கள். தேநீர் வரும், அப்புறம் கேள்விகள் வரும். முகாமில் இருப்பவர்கள், அவர்களோடு கடலில் தொழில் செய்யும் நம்மூர்க்காரர்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள் எல்லோருமே கேட்பார்கள். பக்கத்து நாடுகளின் எம்.பி.க்கள் கூடிப் பேசி அகதிகளுக்கு ஒரே மாதிரி சட்டம் கொண்டுவரலாம் என்று சொல்கிறார்களே, அது நடக்கிற காரியமா, நடந்தால் நமக்கு என்ன என்பதுதான் இப்போது அதிகம் கேட்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்தியாவில் அகதிகளுக்கென்று ஒரு சட்டம் கூட இல்லையா?

இல்லை. 'அகதி' என்றால் யார், அவருக்கு என்ன உரிமை, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும், மறுத்தால் எங்கே முறையிட வேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டம் நம்மிடம் கிடையாது. கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வந்தவர் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். வேலை தேடி வந்தவர், கடத்தல்காரர், குண்டுவீச்சுக்குத் தப்பி வந்தவர் என்ற பிரிவு சட்டப் புத்தகத்தில் இல்லை.

அதற்காகப் பாதுகாப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகள் 'குடிமகன்' என்று சொல்லாமல் 'எந்த நபருக்கும்' என்று சொல்கின்றன. 1996ல் அருணாச்சலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் வழக்கில், குடிமக்கள் அல்லாதவர்களின் உயிரையும் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படி ஏறித்தான் இதைப் பெற வேண்டியிருக்கிறது. எல்லோராலும் ஏற முடியுமா?

அப்படியானால் 40 வருஷமாக முகாம் எந்தச் சட்டத்தில் நடக்கிறது?

அரசு ஆணைகளில் நடக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களைத் தங்க வைக்க ஆணை, மாதப் பணக்கொடைக்கு ஆணை, ரேஷனுக்கு ஆணை, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க ஆணை. 2021ல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய் திட்டத்தை அறிவித்து, புது வீடுகள் கட்டத் தொடங்கியது. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. இதெல்லாம் நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஒழுகும் ஓட்டு வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்குத்தான் புது வீட்டின் அருமை தெரியும்.

ஆனால் ஆணையால் வந்ததை இன்னொரு ஆணையால் எடுத்துவிடலாம். உரிமை என்று சட்டத்தில் எழுதிவிட்டால் அப்படி எடுக்க முடியாது. இந்த வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா ஏன் சேரவில்லை?

1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தம் முதலில் ஐரோப்பாவை மனதில் வைத்து எழுதப்பட்டது. பிரிவினையில் லட்சக்கணக்கானவர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்த இந்தியாவின் நிலைமை அதில் இல்லை. ஐரோப்பா என்ற அந்த இட வரம்பு 1967 நெறிமுறை என்ற துணை உடன்பாட்டில் நீக்கப்பட்டது. அதற்குப் பிறகும் இந்தியா சேரவில்லை, பாதுகாப்புக் காரணங்களைச் சொல்கிறது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆகியவையும் சேரவில்லை. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளில் ஆப்கானிஸ்தான் மட்டும் 2005ல் சேர்ந்தது. ஊரையே அகதியாக்கிய நாடு ஒன்றுதான் கையெழுத்திட்டிருக்கிறது, ஏற்றுக்கொள்ளும் நாடுகள் எதுவும் இல்லை. எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது.

2025ல் புதுச் சட்டம் வந்ததே, அதில் ஏதாவது மாறியதா?

குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025. பழைய 1920, 1939, 1946 சட்டங்களை எடுத்துவிட்டு இது 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தால் 5 வருஷம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டத்திலும் 'அகதி' என்று ஒரு வகை இல்லை.

கூடவே ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு விசா பற்றிய பிரிவுகளிலிருந்து விலக்கு. முகாமில் பலர் அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விட்டார்கள். 30, 35 வருஷமாகத் தலைக்கு மேல் தொங்கிய 'சட்டவிரோதக் குடியேறி' என்ற சொல்லுக்கு இது ஒரு பதில். ஆனால் இது குடியுரிமை ஆகாது, அதற்குப் பக்கத்தில் கூட வராது. அப்புறம் அந்தத் தேதியைக் கவனியுங்கள். 2022ல் வந்தவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் 2022ல் வந்தவர்கள் பசிக்குப் பயந்து வந்தவர்கள்தானே? அவர்களை அகதி என்று சொல்ல முடியுமா?

2022 மார்ச் 22ஆம் தேதி விடியற்காலையில், தனுஷ்கோடிக்கு அப்பால் மணல் திட்டில் படகுக்காரர் இறக்கிவிட்டுப் போன ஒரு குடும்பத்தைக் கடலோரக் காவல் படை மீட்டது. கையில் பச்சைக் குழந்தை இருந்தது. சுற்றிலும் தண்ணீர், நிழலுக்கு ஒரு செடி கிடையாது. அரிச்சல்முனையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் திட்டு தெரியும். முதலில் வந்தவர்கள் மீது கடவுச்சீட்டு இல்லாமல் வந்ததாக வழக்குப் பதிவாகி, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். பிறகுதான் மண்டபம் முகாம்.

1951 ஒப்பந்தப்படி இனம், மதம், தேசியம், சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றால் துன்புறுத்தலுக்குப் பயந்து வருபவர்தான் அகதி. பால்மாவு கிடைக்கவில்லை, மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்பது அந்த வரையறைக்குள் நேராக வராது. ஆனால் ஒரு நாட்டின் பொது ஒழுங்கே குலைந்து போய் அதனால் வெளியேறியவர்களையும் ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகள் தங்கள் வரையறையில் சேர்த்திருக்கின்றன. அதைக் கொஞ்சம் கீழே விரிவாகச் சொல்கிறேன். என்னைக் கேட்டால், போர் முடிந்து 13 வருஷம் கழித்தும் வடக்கிலிருந்தும் மன்னாரிலிருந்தும் ஒரு குடும்பம் குழந்தையோடு ராத்திரிப் படகில் ஏறுகிறது என்றால், அதைப் பசி என்று மட்டும் பிரித்து எழுதுவது சரியில்லை. பழைய பயமும் கூடவேதான் படகில் ஏறுகிறது.

முகாமில் பிறந்த என் மகன் இந்தியக் குடிமகனா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பதில் பிறந்த தேதியில் இருக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். 1986ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என்று 2022ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். அந்தச் செய்தி வந்த வாரத்தில் என்னிடம் பிறப்புச் சான்றிதழோடு வந்தவர்கள் பலர். அதில் ஒரு அம்மா, லேமினேட் செய்த தாளைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் காட்டினார். பிறந்த இடம்: மண்டபம். பிறந்த தேதி 1987 செப்டம்பர். இரண்டு மாதக் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு வாசல் அடைத்துவிட்டது. அதை அவரிடம் சொல்ல எனக்கு வெகுநேரம் ஆனது.

1987 ஜூலை 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் இறுகியது. ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. முகாம் பெண்ணைக் கட்டிய நம்மூர்ப் பையனின் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

2019ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும்தான் இடம். இலங்கை அதில் இல்லை.

அப்படியானால் அவன் இலங்கைக் குடிமகன்தானே?

தானாக ஆவதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஒரு வருஷத்துக்குள் இலங்கைத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். தவறினால் பின்னாலும் செய்யலாம், ஆனால் தாமதத்துக்கு அனுமதி வேண்டும். 1990ல் படகில் வந்தவருக்குச் சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. முகாமை விட்டு வெளியூர் போகவே அனுமதி கேட்க வேண்டிய காலம் அது. பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ் வேறு வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ எரிந்த கச்சேரியோடு (மாவட்ட அரசு அலுவலகத்தோடு) போயிருக்கும்.

ஆகவே இந்தியச் சட்டம் 'உன் அப்பா அம்மா இலங்கை' என்கிறது, இலங்கைச் சட்டம் 'நீ பதிவாகவில்லை' என்கிறது. இரண்டு சட்டத்துக்கும் நடுவில் பிள்ளை நிற்கிறான். இத்தனைக்கும் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தேசியம் பெறும் உரிமை உண்டு என்று சொல்லும் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இலங்கை 1991லும் இந்தியா 1992லும் ஏற்றிருக்கின்றன.

சரி, இதற்கும் பக்கத்து நாட்டு எம்.பி.க்களுக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது சொன்னதுதான் சம்பந்தம். ஒரு கரையில் மட்டும் சட்டத்தைத் திருத்தினால் இந்த இடைவெளி மூடாது.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். தலைமன்னாரிலிருந்து ஒருவர் ராத்திரி படகேறி விடியும்போது அரிச்சல்முனையில் இறங்குகிறார். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் வழியாகப் போகவில்லை என்பதால் இலங்கைச் சட்டப்படி அவர் புறப்பட்டது குற்றம். விசா இல்லாததால் இந்தியச் சட்டப்படி அவர் வந்தது குற்றம். உயிர் பிழைத்த ஒரே ராத்திரி, இரண்டு நாட்டிலும் குற்றம். 2025 மே மாதம் தமிழ்நாட்டு முகாமிலிருந்து சொந்த விருப்பத்தில் ஊர் திரும்பிய 75 வயது முதியவர் ஒருவர், பல வருஷத்துக்கு முன்னால் முறையில்லாமல் வெளியேறியதற்காகப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். யாழ்ப்பாணத்து அரசியல் தலைவர்கள் கண்டித்தார்கள், பிறகு விடுவிக்கப்பட்டார். அந்தச் செய்தி வந்ததும் இங்கே முகாமில் திரும்பிப் போகத் தயாராக இருந்த குடும்பங்கள் பெட்டியைத் திரும்ப அவிழ்த்தன. இங்கே எத்தனை நல்ல ஆணை போட்டும் பயன் என்ன? அந்தப் பூட்டுக்குச் சாவி கொழும்பில் இருக்கிறது.

போரில் தப்பி ஓடியவரை முறையில்லாமல் வெளியேறியதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அங்கே ஒரு பிரிவும், தஞ்சம் தேடி வந்தவரை முறையில்லாமல் நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்று இங்கே ஒரு பிரிவும் வேண்டும். முகாமில் நடந்த பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளை அங்கே ஏற்க வேண்டும். இங்கே படித்த பட்டத்துக்கு அங்கே மதிப்பு வேண்டும். விட்டுவந்த காணியை, அதாவது நிலத்தை, அங்கே காக்க வேண்டும். ஒரு பெரியம்மா 1990ல் காணி உறுதியை (நிலப் பத்திரத்தை) பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவர். உப்புத்தண்ணீர் பட்டு மை பரவியிருக்கிறது, கிராமத்தின் பெயர் மட்டும் படிக்க முடிகிறது. அதைச் சான்றாக ஏற்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்யக்கூடிய சட்டம் இந்தக் கரையில் எழுதப்பட முடியாது.

இரண்டு நாட்டுச் சட்டங்களும் ஒன்றையொன்று பார்த்து எழுதப்பட வேண்டும் என்றால், எழுதுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டும்.

இரண்டு நாட்டுப் பிரதமர்கள் பேசி ஒப்பந்தம் போட்டால் போதாதா?

இந்தக் கேள்விக்கு நம்ம கடற்கரையிலேயே பதில் இருக்கிறது. 1948ல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இங்கிருந்து போன மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அந்த மிச்சத்தை 1974ல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். நெல் மூட்டை பிரிப்பது மாதிரி.

கப்பலில் தலைமன்னாரிலிருந்து ராமேசுவரம் வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமில்தான் முதலில் தங்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்ததும் இதே இடம்தான். தாத்தா போனது இந்த வழி, அப்பா திரும்பி வந்தது இந்த வழி. 1983க்குப் பிறகு வந்தவர்களிலும் மலையகத்து வேர் உள்ளவர்கள் நிறையப் பேர்.

ஆக, நாடுகள் ஒத்துழைத்தாலே நல்லது நடந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மக்களைக் கேட்காமல் தலைகளை எண்ணிப் பிரித்ததும் ஒத்துழைப்புதான். 2003ல் இலங்கை நாடாளுமன்றம் எல்லாக் கட்சிகளின் ஆதரவோடு, மிச்சமிருந்த மலையக மக்களுக்குக் குடியுரிமை தரும் சட்டத்தை நிறைவேற்றியது. மலையகப் பிரதிநிதிகள் அந்த அவைக்குள் இருந்தார்கள் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒப்பந்தத்தில் அதிகாரிகள் பேசுவார்கள், மக்கள் கண்ணில் படமாட்டார்கள். நாடாளுமன்றத்தில் தொகுதி எம்.பி. எழுந்து கேள்வி கேட்க முடியும். எம்.பி.க்கள் சேர்ந்து பேச வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இதற்கு முன்னால் யாராவது முயன்றிருக்கிறார்களா?

முயன்றிருக்கிறார்கள், நல்ல முயற்சி அது. 1990களில் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஆதரவோடு தெற்காசிய நாடுகளின் மூத்த சட்ட அறிஞர்கள் ஒரு குழுவாகக் கூடினார்கள். இந்தியாவின் முன்னாள் தலைமை நீதிபதி பி.என். பகவதி அதில் முக்கியமானவர். 1997ல் டாக்காவில் கூடி, தெற்காசிய நாடு எதுவும் எடுத்துத் தன் நாடாளுமன்றத்தில் வைக்கக்கூடிய ஒரு மாதிரிச் சட்டத்தை ஏற்றார்கள். அகதி என்பவர் யார், யார் விசாரித்து முடிவு செய்வது, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற விதி, எல்லாம் அதில் இருந்தன. அதற்கு முன்னாலேயே 1966ல், ஆசிய ஆப்பிரிக்க நாடுகளின் சட்ட ஆலோசனை அமைப்பு பாங்காக் கோட்பாடுகளை உருவாக்கியது. அதன் திருத்திய வடிவம் 2001ல் புதுதில்லியிலேயே ஏற்கப்பட்டது.

எந்த நாடாளுமன்றமும் அந்த மாதிரிச் சட்டத்தை நிறைவேற்றவில்லை. என் கணிப்பில் காரணம் இதுதான்: எழுதியவர்கள் பெரியவர்கள், ஆனால் ஓட்டுப் போடுகிற இடத்தில் அவர்கள் இல்லை. கடைசியில் கையைத் தூக்க வேண்டியவர்கள் எம்.பி.க்கள். அவர்களை முதலிலேயே உட்கார வைத்திருக்க வேண்டும்.

சார்க் அமைப்பு செய்யாதா?

செய்யாது. இரண்டு நாட்டுக்கிடையேயான விவகாரங்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசக் கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. 2014 காட்மாண்டுக்குப் பிறகு உச்சி மாநாடும் நடக்கவில்லை.

வேறு எங்காவது இப்படி நடந்து பலன் கிடைத்திருக்கிறதா?

கிடைத்திருக்கிறது, நாம் கவனிக்க வேண்டியது லத்தீன் அமெரிக்காவை.

1984ல் மத்திய அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்கள் நடந்துகொண்டிருந்த நேரம். கொலம்பியாவின் கார்ட்டஹீனா நகரில் அந்த வட்டார நாடுகளின் பிரதிநிதிகளும் சட்ட வல்லுநர்களும் கூடி ஒரு பிரகடனம் எழுதினார்கள். பரவலான வன்முறை, உள்நாட்டுப் போர், பெருமளவு மனித உரிமை மீறல், பொது ஒழுங்கைக் கடுமையாகக் குலைத்த சூழ்நிலை ஆகியவற்றால் ஓடி வந்தவர்களும் அகதிகளே என்றது அது. ஆப்பிரிக்க நாடுகள் 1969லேயே இதுபோன்ற விரிந்த வரையறையை ஒப்பந்தமாகவே போட்டிருந்தன.

கார்ட்டஹீனா பிரகடனம் யாரையும் கட்டுப்படுத்தாது, அபராதமும் கிடையாது, வெறும் தாள். ஆனால் அந்த வரையறையை அடுத்தடுத்து நாடாளுமன்றங்கள் எடுத்துத் தங்கள் சொந்தச் சட்டத்தில் எழுதிக்கொண்டன. பிரேசில் 1997ல், அர்ஜென்டினா 2006ல், மெக்சிகோ 2011ல். ஒரே கருத்து எல்லை தாண்டித் தாண்டிச் சட்டமாகியது. டாக்காவில் எழுதியது அலமாரியில் இருக்கிறது, கார்ட்டஹீனாவில் எழுதியது அமலில் இருக்கிறது.

தென்கிழக்கு ஆசியாவில்?

அங்கே 2013ல் தொடங்கிய 'மனித உரிமைகளுக்கான ஆசியான் நாடாளுமன்றவாதிகள்' என்ற அமைப்பு, பல நாடுகளின் இந்நாள், முன்னாள் எம்.பி.க்களை ஒன்று சேர்த்து, மியான்மரிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்கள் பிரச்சினையில் தொடர்ந்து குரல் கொடுக்கிறது. 2015ல் அந்தமான் கடலில் படகுகளை ஒவ்வொரு நாடாகத் தள்ளிவிட்டபோது, ஆச்சே மீனவர்கள்தான் கரை சேர்த்தார்கள். அடுத்த வருஷம் இந்தோனேசியா, கடலில் மீட்கப்படும் அகதிகளைக் கையாள அதிபர் ஆணை போட்டது. தாய்லாந்தும் பாதுகாப்பு தேவைப்படுவோரைச் சோதித்து அறியும் முறையை 2019ல் விதியாக்கியது. இரண்டு நாடும் 1951 ஒப்பந்தத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் சேராமலும் நாட்டுக்குள் விதி செய்யலாம்.

ரோஹிங்கியா படகுகள் நம்ம பக்கத்துக் கடலுக்கும் வந்துவிட்டன. 2022 டிசம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுடன் ஒரு படகை இலங்கைக் கடற்படை மீட்டது. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் இன்னொன்று. அந்த மணலில் ஒதுங்கியவர்களுக்கு உள்ளூர் மக்கள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அகதியை அனுப்பிய நாடாக மட்டும் தன்னைப் பார்த்துவந்த இலங்கை இப்போது அகதியை ஏற்கும் நாடும்கூட. கொழும்பு எம்.பி.க்களுக்கும் தில்லி எம்.பி.க்களுக்கும் ஒரே கேள்வி வந்துவிட்டது.

ஒரு எம்.பி. தனியாக மசோதா கொண்டுவந்தால் என்ன?

கொண்டுவந்திருக்கிறார்கள். 2015ல் மட்டும் சசி தரூர், வருண் காந்தி, ரவீந்திர குமார் ஜெனா என்று மூன்று வேறு கட்சிக்காரர்கள் தஞ்சம் பற்றித் தனிநபர் மசோதா வைத்தார்கள். தரூர் மறுபடியும் 2022ல் வைத்தார். தனிநபர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் சில மணி நேரம்தான் ஒதுக்குவார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன, 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஆனாலும் மூன்று கட்சிக்காரர்கள் ஒரே வருஷத்தில் ஒரே விஷயத்தை எழுதினார்கள் என்பதைச் சின்ன விஷயமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மூவரும் ஒரே வரைவில் கையெழுத்துப் போட்டிருந்தால் இன்னும் கனமாக இருந்திருக்கும்.

தமிழ்நாடு சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டுவிடலாமே?

முடியாது. குடியுரிமை, வெளிநாட்டவர், நாட்டுக்குள் வருவது, வெளியேற்றுவது, கடவுச்சீட்டு எல்லாம் அரசியலமைப்பின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. வீடு, பள்ளி, மருத்துவம், பணக்கொடை ஆகியவற்றை மாநிலம் செய்யலாம், செய்கிறது. தீர்மானம் போட்டுத் தில்லிக்கு அனுப்பலாம்.

சட்டம் போட்டால் எல்லோரும் வந்துவிட மாட்டார்களா? பாதுகாப்பு என்னாவது?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1991ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மீது ஊரின் பார்வை எப்படி மாறியது என்பதை இந்தக் கரையில் இருந்தவர்கள் அறிவார்கள். அடுத்த வருஷம் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, அது அவர்கள் விருப்பமா என்று கேட்டு வழக்குப் போட வேண்டிய நிலை வந்தது.

ஆனால் சட்டம் இருந்தால்தான் சோதனையும் ஒழுங்காக நடக்கும். வந்தவர் பதிவு செய்ய வேண்டும், விசாரணைக்கு வர வேண்டும், கடுமையான குற்றம் செய்தவர்களுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று 1951 ஒப்பந்தமே சொல்கிறது. சட்டம் இல்லாததால் யாரும் வராமல் இருந்ததில்லை. 1983 முதல் 3 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். எந்தச் சட்டத்தைப் படித்துவிட்டு வந்தார்கள்?

கடலில் இப்படி யாரையாவது பார்த்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? அப்புறம் கேஸ் எங்கள் மேல் வருமோ?

மீனவர்கள் பயந்து பயந்து கேட்பது இது. ஆபத்தில் இருப்பவரைக் காப்பாற்றுவது கடல் சட்டப்படி கடமை, இந்தியா ஏற்ற ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. தண்ணீர் கொடுங்கள். உடனே கடலோரக் காவல் படையின் 1554க்கோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ அழையுங்கள். எந்த இடம், எத்தனை பேர், குழந்தை உண்டா என்று சொல்லுங்கள். காசு எதுவும் வாங்காதீர்கள். தகவல் சொல்லாமல் கரையில் இறக்கிவிட்டுப் போவதுதான் வம்பு. மீட்டவரை வழக்கிலிருந்து காக்கும் தெளிவான ஒரு பிரிவு, இனி எழுதப்படும் அகதிச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்று நம்ம எம்.பி. கேட்டால், அது இந்தக் கடற்கரையின் கோரிக்கை.

எம்.பி.யிடம் போய் என்ன கேட்பது? 'சட்டம் வேண்டும்' என்றால் சரி பார்க்கலாம் என்பார்.

பொதுவாகக் கேட்காதீர்கள். விலக்கு ஆணையின் 2015 ஜனவரி 9 என்ற தேதியை நகர்த்த முடியுமா என்று நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வக் கேள்வி போடச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம், வன்னி, நுவரெலியா எம்.பி.க்களோடு ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். மண்டபத்திலேயே நடக்கட்டும், முகாம்காரர்களும் பேசட்டும். முறையில்லாத வெளியேற்றத்துக்குத் தண்டனை விலக்கு, பிள்ளைகளின் தாமதப் பிறப்புப் பதிவு, இந்த இரண்டை மட்டும் முதலில் பேசினால் போதும். ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் சாமான்களோடு கப்பலில் போக வழி கேளுங்கள். நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் 2023ல் தொடங்கியிருக்கிறது, விமானத்தில் தையல் மிஷினையும் பீரோவையும் எப்படிக் கொண்டுபோவது?

இதெல்லாம் நடக்கும்வரை நாங்கள் எதைச் செய்து வைக்க வேண்டும்?

பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். இங்கேயே இருக்கப் போகிறோம் என்று நினைப்பவர்களும் செய்யலாம், அது பிள்ளைக்கு ஒரு காகிதம். முகாம் பதிவு அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பணக்கொடைப் பதிவு, பழைய தேசிய அடையாள அட்டை, காணி உறுதி, எது இருந்தாலும் இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், பிறப்புச் சான்றிதழோடு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். விண்ணப்பத்தோடு பிரதியை மட்டும் கொடுங்கள், அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.